மணி உறுமியது நல்லதுக்குத்தான்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஐந்து வயது, சிப்பிப்பாறைக் கலப்பு. மகளுக்கு மணி என்றால் உயிர். காலையில் கண் விழித்ததும் ‘மணி அண்ணா எங்க?’ என்றுதான் கேட்பாள். கழுத்தைக் கட்டிக்கொள்வது, மூக்கில் முத்தம் கொடுப்பது, தன் தட்டில் இருக்கும் இட்லியை ஊட்டுவது, கட்டிலுக்கு அடியில் போய் அதன் பக்கத்தில் படுப்பது எல்லாம் உண்டு. போன வாரம் அப்படிக் கட்டிலடியில் இருந்தபோது மணி உறுமியது. கணவர் அதை அடித்துவிட்டார். மாமியார், ஊரில் இருக்கும் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். பிரித்தால் குழந்தை ஏங்கிப்போவாளோ என்று பயம். வைத்திருந்தால் கடித்துவிடுமோ என்றும் பயம். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். இந்த நாய் உறுமுகிறது. கால்நடை மருத்துவராக இத்தனை வருடத்தில் நான் அதிகம் பயப்படுவது உறுமாத நாயைப் பார்த்துத்தான்.

உறுமல் என்பது நாய் வாய்விட்டுச் சொல்லும் ஒரே வார்த்தை. ‘கொஞ்சம் தள்ளிக்கோ’ என்று அர்த்தம். அதைச் சொன்னதற்கு அடி விழுந்தால், அடுத்த முறை அது சொல்லாது. குழந்தை மேலே ஏறிப் படுப்பது அதற்குப் பிடித்துப்போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சொன்னால் அடிப்பார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கும். ‘ஒண்ணுமே பண்ணல டாக்டர், சும்மா இருந்தது, திடீர்னு கடிச்சிருச்சு’ என்று சொல்லி வருகிற வீடுகளில் கொஞ்சம் பொறுமையாக விசாரித்தால், எப்போதோ உறுமியதற்கு அடி வாங்கிய கதை ஒன்று மெதுவாக வெளியே வரும். அதனால் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அடிப்பது இதோடு போதும். அவர் பயத்தில் அடித்திருக்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அடியால் உங்கள் மகளுக்குப் பாதுகாப்பு கூடவில்லை, குறைந்திருக்கிறது. இனி உறுமினால் சத்தம் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். நாயைக் கவனிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வேலை, மணியை ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது. இரண்டரை வருடம் பொறுத்துக்கொண்ட நாய் போன வாரம் மட்டும் ஏன் பொறுக்கவில்லை? காதில் சீழ் இருக்கலாம். காதுக்குள் உண்ணி ஏறியிருக்கலாம். கடைவாய்ப் பல்லில் வலி இருக்கலாம், முதுகிலோ இடுப்பிலோ பிடிப்பு இருக்கலாம். உங்கள் மகள் கழுத்தைக் கட்டும்போது முதலில் மடங்குவது அதன் காதுதான் என்பதால் நான் முதலில் காதைத்தான் திறந்து பார்ப்பேன். உள்ளே கறுப்பாக அழுக்கு, புளித்த வாடை, தலையை அடிக்கடி ஆட்டுவது, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பது இவை இருந்தால் விடை பாதி கிடைத்த மாதிரி. தனியார் கிளினிக்தான் என்று இல்லை. ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அந்த அரசு கால்நடை மருந்தகத்தில் நாயையும் பார்ப்பார்கள். வலி இருக்கிற நாயின் குணத்தைப் பற்றி நாம் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இப்போது கட்டிலடி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

கட்டிலுக்கு அடி என்பது உங்களுக்கு பழைய சூட்கேஸும் பாயும் கிடக்கிற இடம். மணிக்கு அது குகை. மூன்று பக்கம் மூடியிருக்கும், மேலே பலகை, யாரும் மிதிக்க மாட்டார்கள், தரை குளிர்ச்சியாக இருக்கும். வீட்டில் சத்தம் அதிகமானால், விருந்தாளி வந்தால், தீபாவளிக்கு வெடி வெடித்தால் அது ஓடிப் பதுங்குவது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்துக்குள் வருகிற ஒரே வழியை அடைத்துக்கொண்டு ஒரு குழந்தை தவழ்ந்து வருகிறது. வெளியே கூடத்தில் என்றால் மணி எழுந்து போயிருக்கும். இத்தனை நாள் அப்படி எழுந்து எழுந்து போயும் இருக்கும், நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். கட்டிலடியில் எழுந்து போக வழி இல்லை. போக முடியாத நாய்தான் உறுமும். உறுமியும் பலன் இல்லை என்றால் பல்லைக் காட்டும். அதற்கும் பிறகுதான் கடி.

ஆகவே இன்றைக்கே அந்த இடத்தை மணிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். கட்டிலின் முன்பக்கம் குழந்தை நுழைய முடியாதபடி எதையாவது வைத்து மறைத்து, மணி போய்வர ஓரத்தில் வழி விட்டால் போதும். இல்லையென்றால் பின்கட்டிலோ பால்கனியிலோ ஒரு சாக்கு விரித்து, நடுவில் குழந்தைகள் மாடிப்படி ஏறாமல் இருக்கப் போடுகிற சின்ன கேட் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அது அங்கே இருக்கும்போது யாரும் போகக் கூடாது. குழந்தை மட்டும் இல்லை, கொஞ்சுவதற்காக நீங்களும்தான்.

கட்டிப்பிடிப்பதற்கு வருகிறேன். மனிதக் குழந்தை பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்ட அன்பு மொழி அது ஒன்றுதான். தூக்குகிறோம், அணைக்கிறோம், முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுக்கிறோம். தனக்குக் கிடைத்ததைத்தான் அவள் மணிக்குக் கொடுக்கிறாள். நாய்களின் உலகத்தில் இது தலைகீழ். முகத்துக்கு நேராக வருவது, கண்ணுக்குள் பார்ப்பது, கழுத்துக்கு மேல் கையைப் போட்டு அழுத்துவது மூன்றும் அங்கே சண்டைக்கு முன்னால் நடக்கிறவை. பழகிய நாய் நம்மிடம் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறது, சில நாய்கள் ரசிக்கவும் செய்கின்றன. ஆனால் பொறுத்துக்கொள்வதை ரசிப்பதாக நினைத்து நாம் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் போனில் மகளும் மணியும் கட்டிக்கொண்டிருக்கிற படங்கள் நிறைய இருக்கும். மகளை விட்டுவிட்டு மணியை மட்டும் பாருங்கள். கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறதா? காது பின்னால் ஒட்டியிருக்கிறதா? வாய் இறுக மூடியிருக்கிறதா? முகம் அவளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறதா? இருந்தால், அந்த அன்பான படத்தில் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

உறுமலுக்கு முன்னாலேயே நாய் நிறைய சொல்லிவிடுகிறது. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். எதிரே சாப்பாடு இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்ளும். தலையைத் திருப்பும். எழுந்து உடம்பை ஒரு உதறு உதறும், குளித்துவிட்டு வந்த மாதிரி. முன்காலை மெல்லத் தூக்கும். இவற்றை எல்லாம்விட முக்கியமானது, சட்டென்று அசைவே இல்லாமல் உறைந்து நிற்பது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாய் வாயை மூடிக்கொண்டு சிலை மாதிரி ஆனால், அந்த நொடியிலேயே குழந்தையைத் தூக்கிவிட வேண்டும். வாலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வால் ஆடுவது ‘நான் பரபரப்பாக இருக்கிறேன்’ என்பதற்குத்தான் அடையாளம். பரபரப்பு எதனால் என்று வால் சொல்லாது.

இதில் எதையும் இரண்டரை வயதுக் குழந்தையால் படிக்க முடியாது. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சின்னக் குழந்தைகளிடம் நாய்களின் முகபாவங்களைக் காட்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து அது சிரிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்ன குழந்தைகள் நிறைய. யோசித்தால் நியாயம்தான். அவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற எல்லாரும் இதுவரை சிரிக்கத்தானே செய்திருக்கிறார்கள்? இன்னொன்று உயரம். பெரியவர்களை நாய் கடித்தால் பெரும்பாலும் கையிலோ காலிலோ இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் படுகிறது, அவர்களுடைய முகம் நாயின் முகத்துக்கு நேராக இருப்பதால். அதுவும் முத்தம் கொடுக்கக் குனிகிற குழந்தைக்கு. கடிக்கிற நாயும் அனேகமாகத் தெரு நாயாக இருக்காது, இந்த வயதில் பெரும்பாலும் நன்றாகத் தெரிந்த நாய்தான்.

இவ்வளவு பேசுகிற நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது ஆனபோது எங்களிடம் வெள்ளையன் என்று ஒரு ராஜபாளையம் இருந்தான். ராஜபாளையம் நாய்களைத் தெரியும்தானே, பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த வெள்ளைக்கு ஒரு விலையும் உண்டு. நிறம் இல்லாமல் போவதற்கும் உள்காது சரியாக வளராமல் போவதற்கும் தொடர்பு இருப்பதால், இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் அடிக்கடி பிறக்கும். வெள்ளையனுக்கும் கேட்காது. வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் அது எனக்குத் தெரியும். தெரிந்தும், குழந்தைகளோடு பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அசட்டையாக இருந்தேன். ஒரு மதியம் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது என் மகள் ஓடிவந்து அவன் முதுகின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். காது கேட்கிற நாய்க்கு ஓடிவருகிற காலடிச் சத்தமே போதும், விழித்திருக்கும். வெள்ளையனுக்குத் தூக்கத்தில் ஏதோ ஒன்று மேலே விழுந்தது. திரும்பினான், பல் அவள் புருவத்தில் பட்டுவிட்டது. ஒரே நொடி. அவனே அவளைவிட அதிகம் பயந்துபோய் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டான். காயத்தைக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி எல்லாம் போட்டு முடித்தோம். இப்போதும் அவளுக்கு இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு சின்னக் கோடு இருக்கிறது. கால்நடை மருத்துவர் வீட்டுக் குழந்தை!

அவளுக்கு அவன் மேல் இருந்த பிரியம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. நான்தான் மாற வேண்டியிருந்தது. தூங்குகிற வெள்ளையனை எழுப்ப வேண்டுமானால் கொஞ்ச தூரத்தில் நின்று தரையில் காலை இரண்டு முறை தட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதிர்வு அவன் உடம்புக்குத் தெரியும், தலையைத் தூக்கிப் பார்ப்பான், பிறகு வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வருவான். முதல் சில மாதம் ஒவ்வொரு முறையும் நானோ என் மனைவியோ கூடவே நின்றோம். நாலு வயது ஆவதற்குள் அவள் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள்: ‘அவனுக்குக் காது கேட்காது, கால்ல பேசணும்.’

உங்கள் மகளுக்கும் இப்படி ஒரு வழியைக் கற்றுக்கொடுக்கலாம். ‘தொடாதே, கிட்டப் போகாதே’ என்று மட்டும் சொன்னால் அவளுக்குள் இருக்கிற பிரியம் போக இடமில்லாமல் நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது கட்டிலடிக்குத்தான் போகும். செய்யக் கூடாததற்குப் பதிலாகச் செய்யக் கூடிய ஒன்றைக் கையில் கொடுங்கள். மணியிடம் அவள் போகாமல், மணியை அவளிடம் வரவைப்பது முதல் பாடம். உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு ‘தோ தோ’ என்று கூப்பிடட்டும். வந்தால் தடவலாம். வரவில்லையென்றால் ‘மணி அண்ணாவுக்கு இப்ப வேலை இருக்கு’ என்று சொல்லி விட்டுவிடுங்கள். தடவுவது விரலை மடக்காமல் உள்ளங்கையால், தோளிலோ நெஞ்சுப் பக்கத்திலோ. முகம், வால், பாதம் வேண்டாம். அவள் கையின் மேல் உங்கள் கையை வைத்து மூன்று தடவு தடவிவிட்டு நிறுத்துங்கள். மணி இன்னும் நெருங்கி வந்து கையை முட்டினால் மறுபடி மூன்று தடவு. அப்படியே நின்றாலோ நகர்ந்தாலோ, முடிந்தது, டாட்டா. மணிக்கு ‘போதும்’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்பது அவளுக்கு இப்படித்தான் பதியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போதும் இது உதவும், அது வேறு விஷயம்.

தண்ணீர் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவதை அவள் வேலையாக ஆக்கிவிடுங்கள். கொட்டுவாள், பரவாயில்லை. பொறை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டைத் தரையில் தூக்கிப் போடச் சொல்லுங்கள். விரலிலிருந்து நேராக வாய்க்குப் போக வேண்டாம். தரையில் விழுந்ததை நாய் எடுத்துக்கொள்ளும். மணி சாப்பிடும்போதும் எலும்பு கடிக்கும்போதும் மட்டும் அவள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. நல்ல நாய்கூடத் தட்டின் முன்னால் வேறு நாய்.

சரி, இவ்வளவையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. எதிரே இருப்பவருக்கு வேறு மனசு, வேறு எண்ணம் உண்டு என்பது குழந்தைகளுக்கு ஓரளவு பிடிபடவே நான்கு வயது ஆகும். இரண்டரை வயதில் காலையில் கற்றது மாலையில் மறந்துவிடும், ஆசை வந்துவிட்டால் கற்றதே இல்லை. அதனால் நான்கைந்து வயது வரை இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே இருப்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். போனைத் தள்ளி வைத்துவிட்டு, கை எட்டுகிற தூரத்தில். முடியாத நேரத்தில் நடுவில் கதவோ கேட்டோ இருக்கட்டும். குளிக்கப் போகிற பத்து நிமிடத்துக்கும் அப்படித்தான். இது தொல்லைதான், தெரியும். இரண்டு வருடத் தொல்லை.

இட்லி விஷயம். வெறும் இட்லி ஒரு துண்டு போனால் ஒன்றும் ஆகாது. சட்னியிலும் சாம்பாரிலும் இருக்கிற வெங்காயம்தான் பிரச்சினை. அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்திலும் கேசரியிலும் போடுகிற உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சாக்லேட்டும் ஆகாது. குழந்தைகள் பிரியமானவர்களுக்குத்தான் தங்கள் சாக்லேட்டில் பாதியைக் கொடுப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் மணி வேறு அறையில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

இனி, குழந்தை ஏங்கிப்போவாளோ என்று கேட்டிருந்தீர்கள். இந்த வயதில் நாயிடம் வைக்கிற பிரியத்தை விளையாட்டுச் சாமான் மேல் வைக்கிற ஆசை என்று எண்ணிவிடக் கூடாது. ‘மணி அண்ணா’ என்கிறாள் பாருங்கள், அதை அவள் உவமையாகச் சொல்லவில்லை. அவள் பிறக்கும்போதே வீட்டில் இருந்தவன், அவளைவிட மூத்தவன், ஆனால் அவளைப் போலவே தரையில் உருள்கிறவன், ‘பல் தேய்ச்சியா’ என்று கேட்காதவன். வீட்டில் எல்லாரும் அவளுக்குக் கட்டளை இடுகிறார்கள், அவள் கட்டளை இடக் கூடிய ஒரே ஆள் மணி. தப்பும் தவறுமாகப் பேசினாலும் திருத்தாமல் கேட்கிற ஒரே ஆளும் அவன்தான். இந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்று குழந்தைகளுக்கான உளவியலாளர் ஒருவர் இருந்தார். யாரிடமும் ஒட்டாமல் ஒதுங்கியே இருந்த ஒரு பையனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அவரிடம் கூட்டிவந்துவிட்டார்கள். அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தது. அது ஓடிப்போய்ப் பையனை நக்க, அவன் அதைத் தடவ ஆரம்பித்துவிட்டான். அடுத்தடுத்த முறை வந்தபோது முதலில் நாயோடு பேச்சு, பிறகு மெல்ல மெல்ல மருத்துவரோடும். 1960-களின் தொடக்கத்தில் அவர் இதைச் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது, வாங்குகிற ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுச் சிரித்தார்களாம். இன்றைக்கு நாய்களை வைத்துச் சிகிச்சை என்பது பல நாடுகளில் தனித் துறை. 2015-இல் ஜப்பானில் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்கிற அதே சுரப்பு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள், இருந்தாலும் காலையில் எழுந்ததும் உங்கள் மகள் யாரைத் தேடுகிறாள் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இல்லை. (தெரியாத நாயைக் கண்ணுக்குள் பார்க்கும் வேலையை மட்டும் அவளுக்குப் பழக்கிவிடாதீர்கள். அது வம்பு.)

நம் பக்கத்திலும் இது பழைய கதைதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது, 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. திருடர் இருவரைக் கடித்தது என்று நாயின் செயலையும், கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் என்ன ஒரு பெயர்! மணி, டைகர், ஜிம்மியோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

உங்கள் மாமியாரைப் பற்றி. அவர் நாய் மேல் வெறுப்பில் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர் தலைமுறையில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த செம்பிள் தடுப்பூசி அது. வலி மட்டும் இல்லை, சிலருக்கு நரம்புகளைப் பாதித்து வாதம்கூட வந்திருக்கிறது. நம் நாட்டில் 2004-இன் கடைசியில்தான் அதன் தயாரிப்பை நிறுத்தினார்கள். வெறிநோய் வந்து தண்ணீரைக் கண்டு மிரண்டு இறந்தவர் ஒருவரையாவது அவர் ஊரில் பார்த்திருப்பார். அந்த நோய் அறிகுறி தெரிந்த பிறகு அனேகமாக யாரையும் விட்டுவைப்பதில்லை. அதனால் அவர் பயத்துக்கு அர்த்தம் உண்டு. பதில் தோப்பில் இல்லை, மணியின் தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. மூன்று மாதக் குட்டியில் முதல் ஊசி, பிறகு வருடம் தவறாமல் ஒன்று. அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள், தாண்டியிருந்தால் காது காட்டப் போகும்போதே போட்டுவிடுங்கள். வீட்டு நாய்தானே, வெளியே போவதில்லையே என்ற பேச்சு வேண்டாம். கேட் திறந்திருக்கிற இரண்டு நிமிடம் போதும் ஒரு தெரு நாயோடு சண்டை போட.

பல் பட்டாலோ, நகம் கீறி இரத்தம் வந்தாலோ, புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டாலோ உடனே குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கண்ணிலும் வாயிலும் என்றால் வெறும் தண்ணீர். பதினைந்து நிமிடம் என்பது குழந்தை அழும்போது ரொம்ப நீளமாகத் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ, அன்றைக்கே. இப்போது ஊசி கையில்தான், தோலுக்குள் போடுவதாக இருந்தால் முதல் நாள், பிறகு 3, 7, 28 என்று நாள் கணக்கு. சின்னக் குழந்தைக்குச் சதைக்குள் போடுவதானால் தொடையில் போடுவார்கள், இன்னும் ஒரு ஊசி கூடும். இரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டியிருக்கும். அதை விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்று நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. நாயை உயிராக நினைக்கிற குழந்தைதான் கீறலை மறைக்கும். போன வாரம் உங்கள் மகள் என்ன பார்த்தாள்? மணி சத்தம் போட்டான், அப்பா மணியை அடித்தார். அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்து, கையில் பல் பட்டால் என்ன செய்வாள்? பாவாடைக்குள் கையை ஒளித்துக்கொள்வாள். மணியை அடிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இரண்டாவது காரணம் இது. தினமும் குளிக்கவைக்கும்போது கை கால்களை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எது நடந்தாலும் மணியைத் திட்ட மாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

குடற்புழு பற்றிச் சுருக்கமாக. நாயின் வயிற்றில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் கலந்து, மண் கையோடு வாய்க்குப் போனால் குழந்தையின் ஈரலுக்கும், அபூர்வமாகக் கண்ணுக்கும் போகும். அந்த முட்டை வெளியே வந்ததும் தொற்றாது, சில வாரம் மண்ணில் பக்குவப்பட வேண்டும். அதனால் மணி வெளிக்குப் போவதை அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மணிக்குப் பூச்சி மருந்து, சாப்பிடும் முன் மகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவல், மூக்கில் முத்தத்துக்குப் பதில் காற்றில் பறக்கும் முத்தம். அங்கன்வாடியில் அவளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையும் தவறக் கூடாது, ஆனால் அது மணிக்குக் கொடுக்க வேண்டியதற்கு ஈடாகாது.

எந்த நிலையிலும் நாயை அனுப்பவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வலி ஏதும் இல்லாமல், வழியும் அடைபடாமல், குழந்தை தூரத்தில் நடந்து போகும்போதே அவளை வெறித்துப் பார்த்து உறைந்து நிற்கிற நாய், பின்தொடர்ந்து பாய்கிற நாய், தோலைக் கிழிக்கும்படி கடித்த நாய் என்றால் அது வேறு. அப்போது நேரில் பார்த்து, நாயின் குணம் தெரிந்த ஒருவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மணி அந்த வகையில் வருவதாக நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றவில்லை. தோப்பு என்கிறீர்களே, ஐந்து வருடம் மின்விசிறிக்கு அடியில் தூங்கிய நாயை அங்கே விட்டால் வெளி நாய்களோடு கடிபட்டே பாதி ஆகிவிடும். உங்கள் மகளோ வாசலில் நின்று தினமும் கேட்பாள். ‘ஊருக்குப் போயிருக்கு, வரும்’ என்று சொல்லிவைத்தால் அவள் நம்பிக் காத்திருப்பாள். இந்த வயதுக் குழந்தைக்கு, போனது எல்லாமே திரும்பி வரும்.

ஒரு நாள் மணியும் போகத்தான் போகிறான், இந்த மாதிரி நாய்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் கிடைத்தால் நிறைவு. அன்றைக்கு அவளுக்கு ஒன்பது, பத்து வயது ஆகியிருக்கும், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். ‘தூங்குறான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவளுக்குத் தூக்கமே பயமாகிவிடும். வெள்ளையன் போனபோது என் மகளுக்குப் பதினொன்று. பெரிதாக அழவில்லை. ஆனால் பல மாதம் வரை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவன் படுக்கிற திண்ணையோரம் வரும்போது அவள் கால் தானாக இரண்டு முறை தரையைத் தட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது காதைக் காட்டுவது, அட்டையைப் பார்ப்பது, கட்டிலடியை மணிக்கு விட்டுக்கொடுப்பது. உங்கள் மாமியாரிடமும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: மாலையில் மணி சாப்பிட்டு முடிக்கும் வரை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து ‘இப்ப மணி என்ன சொல்றான்?’ என்று கேட்டு விளையாடுவது. மணியின் வாயையும் காதையும் கண்ணையும் அவரைப் போல நிதானமாகப் பார்க்க வீட்டில் வேறு யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். காதில் என்ன இருந்தது, மணி இப்போது எங்கே படுக்கிறான் என்று இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும்.